ரப்பர் பேண்ட் போட்ட கிளை

"உன் தம்பியை இன்னைக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!"

காலையில் பல்கூட விளக்காமல் மருந்துக்கடைக்காரர் கத்தினார்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவன் என்னங்க பண்ணினான்?"

"மறுபடியும் ரப்பர் பேண்டைக் கழற்றியிருக்கான்!"

விஷயம் இதுதான். ஜன்னலுக்கு வெளியே இருந்த செடியில் ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. அது குஞ்சுக்கு ஊட்டுவதைப் படம் எடுத்துப் புகைப்படப் போட்டிக்கு அனுப்ப மனிதர் தவம் கிடந்தார். வருஷா வருஷம் அனுப்புகிறார், ஆறுதல் பரிசுகூடக் கிடைத்ததில்லை. இந்தத் தடவை விடுவதாக இல்லை. 'தாய்' என்று தலைப்பைக்கூட முன்னதாகவே பதிவு செய்துவிட்டார்.

ஒரு கிளைதான் கூட்டை மறைத்தது. கடையிலிருந்து ரப்பர் பேண்ட் கொண்டுவந்து, கிளையை வளைத்து ஜன்னல் கம்பியில் மாட்டுவார். ஆள் நின்றால் தாய்க் குருவி வராதே என்று கொஞ்சம் ஒதுங்குவார். காபி குடித்துவிட்டு வந்தால், கிளை பழையபடி கூட்டை மூடிக்கொண்டு நிற்கும்.

மாடியில் இருக்கும் மச்சானும் அதே போட்டிக்குப் படம் அனுப்புகிறவன். சந்தேகப்பட வேறு ஆள் வேண்டுமா?

"சொந்த அக்கா புருஷனுக்கே குழி பறிக்கிறான்!"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"தம்பிக்கு வக்காலத்து வாங்காதே!"

படம் அனுப்ப இன்றுதான் கடைசி நாள். கிளையை மாட்டிவிட்டு, திரைக்குப் பின்னால் கேமராவோடு பதுங்கினார். வரட்டும், கையும் களவுமாய்ப் பிடிக்கிறேன்!

குருவி வரவில்லை. பக்கத்துச் சமையலறை ஜன்னலிலிருந்து, பாத்திரம் தேய்த்த நுரையோடு ஒரு கை நீண்டது. ரப்பர் பேண்டைக் கழற்றியது. கிளையைப் பதமாகக் கூட்டின்மேல் சாய்த்தது.

கிளிக்!

"அடிப்பாவி, நீயா?"

"கத்தாதீங்க, குஞ்சு பயந்துடும்" என்றாள் மனைவி. "இன்னும் இறகுகூட முளைக்கலை. கிளையை விலக்கினா வெயில் நேரா அடிக்குது. காக்கா வேற எதிர்லயே உட்கார்ந்திருக்கு."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"எங்க சொல்ல விட்டீங்க? வாயைத் திறந்தாலே வக்காலத்துன்னீங்க."

அவர் முறைத்தார். அவள் விடவில்லை.

"நம்ம பொண்ணு பொறந்தப்ப படம் எடுக்க வந்தவர் திரையை விலக்கச் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? குழந்தைக்குக் கண்ணு கூசும், படமே வேண்டாம்னு அவரைத் திருப்பி அனுப்பினது யாரு?"

மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே தாய்க் குருவி விருட்டென்று இலைகளுக்குள் நுழைந்தது. ஒன்றும் தெரியவில்லை. கீச்கீச்சென்று சத்தம் மட்டும் கேட்டது.

"என்னாலதான்... இப்ப போட்டிக்கு என்னங்க அனுப்புவீங்க?" அவள் குரல் இறங்கியிருந்தது.

அவர் கேமராவைத் திருப்பி, சற்றுமுன் எடுத்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவர் அனுப்பிய படத்தில் குருவியும் இல்லை, குஞ்சும் இல்லை. கூட்டை இலையால் மூடும் ஒரு நுரைபடிந்த கை மட்டும் இருந்தது.

தலைப்பை அவர் மாற்றவில்லை.