கழுவிய தண்ணீர்

ஜூஜுவாடி ஆய்வகத்தின் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் புரதங்களை எடைபோடும். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சுத்தமான தண்ணீரை ஓட்டி அதைக் கழுவுவார்கள். அப்போது திரையில் நேர்கோடுதான் வர வேண்டும்.

விஞ்ஞானி முனிலட்சுமி, மகள் பிறந்த சந்தோஷத்தில் அவளது ஒரு சொட்டு இரத்தத்தை அதில் சோதித்தாள். பச்சிளம் குழந்தைகளுக்கே உரிய ஹீமோகுளோபின் திரையில் கோபுரம்போல எழுந்தது. அந்த வாரமே குழந்தை காய்ச்சலில் போய்விட்டது.

விடுப்பு முடிந்து அவள் திரும்பியபோது கழுவும் தண்ணீரில் அதே கோபுரம் வந்தது. உதவியாளர் ஆஞ்சப்பன் குழாய்களையெல்லாம் மாற்றினார். அது போகவில்லை.

மாதங்கள் ஓடின. அந்தக் கோபுரம் மெல்லத் தாழ்ந்தது. பக்கத்தில் பெரியவர்களுக்கு உரிய ஹீமோகுளோபின் உயர்ந்துகொண்டே வந்தது. வளரும் குழந்தைகளின் இரத்தம் அப்படித்தான் மாறும்.

"இன்னொருக்கா கழுவி வுடட்டுங்களா மேடம்?" என்றார் ஆஞ்சப்பன்.

"வேணாம்ண்ணா, இருக்கட்டும்."

இயந்திரத்தின் அடியில் உடைந்த சோதனைக்குழாயின் சில்லு ஒன்று கிடந்தது. முனிலட்சுமி குனிந்து அதைப் பொறுக்கினாள். தரையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"தவழற வயசுண்ணா," என்றாள்.