குரலின் வேகம்

“இன்னும் கொஞ்சம் குறைங்கம்மா,” என்றார் தட்டுக்காரர்.

ஒலிக் காப்பகத்துப் பெண் குமிழைத் திருகினாள். கேசட் நிதானத்துக்கு வந்தது.

தட்டுக்காரர் என்பது, தலையில் முடி இருந்த காலத்தில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு டயர் கிடங்கின் அடித்தளத்தில், இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, இயந்திரங்கள் போட்ட இசைக்கு இந்த ஊரை முதன்முதலில் ஆடவைத்தவர் அவர்தான்.

அந்த இரவுகளில் மிஞ்சியது இந்த ஒரே கேசட்.

யாரோ அதன் நகலை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். இப்போதைய பிள்ளைகள் அதைக் கேட்டு அதே வேகத்தில் ஆடுகிறார்கள். ‘நம்ம ஊர் வேகம்’ என்று பெருமை வேறு.

அது பெல்ட்டின் வேகம். பதிவு செய்த பாட்டரி ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்திருந்தது. மெதுவாக ஓடிப் பதிந்த டேப், வேறு எதில் போட்டாலும் தலைதெறிக்க ஓடியது.

நாளை காப்பகம் மூலக் கேசட்டையே வெளியிடுகிறது. இன்று எந்த வேகத்தில் நிறுத்துகிறார்களோ அதுதான் இனி.

“அந்தத் தட்டுங்கள வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தா தெரிஞ்சிடாதா சார்?”

“எதுவும் அதோட சொந்த வேகத்துல ஓடலம்மா. ஒன்னை முடுக்கி, ஒன்னை இழுத்துப் பிடிச்சுத்தான் கோத்தேன்.”

தட்டுகளைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

கேசட்டில் அவர் விரல் படாதது ஒன்றுதான். கடைசியில் இசை தேய்ந்து அடங்கும்போது, பக்கத்திலிருந்து ஒரு பெண் சொல்கிறாள்: “போதும், வாங்க போலாம்.”

போன வாரம் மகள் அதைக் கைபேசியில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“யாருப்பா இது, சாவி கொடுத்த பொம்மை மாதிரி?”

“யாரோ,” என்று சொல்லிவிட்டார்.

கதவு திறந்தது. மகள் தலையை மட்டும் நீட்டினாள்.

“இன்னும் முடியலையா? வாங்கப்பா, போலாம். வண்டிய எவன் வீட்டு வாசல்லயோ நிறுத்தியிருக்கேன்.”

“ரெண்டு நிமிஷம்மா,” என்றாள் காப்பகத்துப் பெண்.

“இதையேதான் அப்பவும் சொன்னீங்க.” கதவு சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

மறுபடி ஓடவிட்டார்கள். குரல் கீச்சென்றது. குறைத்தார்கள். ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. ஏற்றினார்கள்.

“இதுவா சார், முன்னாடி வச்சதா?”

தட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

ரப்பர் வாடை வந்தது. சிவப்புக் காகிதம் சுற்றிய பல்பு வந்தது. ஆடியவர்களின் மூச்சு கூரையில் நீராகி அவர்கள் தலைமேலேயே சொட்டியது. போட்டிக்காரர்கள் பாட்டின் பெயரைப் பார்த்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு தட்டிலும் அவர் ஒட்டிய வெள்ளைக் காகிதம் வந்தது. தட்டுப் பெட்டியின்மேல், கன்னத்தில் கை வைத்தபடி, அவள் உட்கார்ந்திருந்தாள்.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அவள் குரலைக் கேட்டதும் சரியான வேகம் தெரிந்துவிடும் என்று நம்பித்தான் வந்திருந்தார். இப்போது எல்லா வேகமும் சரியாக இருந்தது. எல்லாமே தப்பாகவும் இருந்தது.

“சார்?”

“தெரியலம்மா.”

காப்பகத்துப் பெண் குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினாள். டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி போட்டுவிட்டு, கேசட் பெட்டிக்குச் சீட்டு எழுதக் குனிந்தாள்.

இசை தேய்ந்தது.

“போதும், வாங்க போலாம்.”

“இதோ வந்துடுவார்மா,” என்று தலை நிமிராமலே கதவுப் பக்கம் குரல் கொடுத்தாள் காப்பகத்துப் பெண்.

கதவு மூடியிருந்தது. கீழே தெருவில் மகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

காப்பகத்துப் பெண் மெல்ல நிமிர்ந்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“இனிமே அதைத் தொடாதீங்கம்மா,” என்றார் தட்டுக்காரர்.

மகளுக்கு அம்மாவைப் படத்தில் மட்டும்தான் தெரியும்.

அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, மேலே வரச் சொல்லிக் கையசைத்தார்.