மூலையில் நிற்கும் ராஜா

மைத்துனி ஒரு கையால் தலை வாரியபடியே மறு கையால் மவுஸை நகர்த்துகிறாள். அவளுடைய கறுப்பு ராஜா மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக உலாத்துகிறது. அக்காவின் கணவன் வேலையை விட்டுவிட்டு எழுதிய செஸ் புரோகிராம், ஓரத்து வரிசையில் ஒற்றைச் சிப்பாயை வைத்துக்கொண்டு அந்த ராஜாவைக் கிளப்ப முடியாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. திரையிலோ 'வெற்றி உறுதி' என்று பச்சை எழுத்து பளபளக்கிறது. ஓரச் சிப்பாய்க்கு மூலை ராஜா வழிவிடாது, ஆட்டம் சமனில்தான் முடியும் என்பதை அதற்குச் சொல்லித்தர மறந்தவன் நகத்தைக் கடிக்கிறான்.

"விடிய விடிய ஆடினாலும் டிராதான் மாமா. ஒரே ஒரு சிப்பாய் அதிகமா இருந்தா இவ்வளவு திமிரா?" சீப்பில் சிக்கிய முடியை ஊதித் தள்ளுகிறாள். "அக்கா, வேலையை விட்டப்போ இவரும் இப்படித்தானே சொன்னாரு?"

கதவோரம் நிற்கும் மனைவி சிரிக்கவில்லை. அருகில் வந்து, ஈரக் கையால் அந்தப் பச்சை எழுத்தை மறைக்கிறாள்.

"முதல்ல இந்தப் பீத்தலை எடுங்க. அப்புறம் மறுபடி எழுதுங்க."