தேனிலவுக் கப்பல்

தம்பானூர் டிராவல்ஸில் ஷிஜி மூன்று உல்லாசக் கப்பல்களின் படங்களைப் பரப்பினாள்.

"தேனிலவுக்குன்னா இதாக்கும் சேச்சி. ராஜ உபசாரம், சத்தமே கேக்காது."

"வேண்டாம். எனக்கு அந்தக் கடைசிக் கப்பல் மதி, அதே போதும்," என்றாள் ரெம்யா.

"ஐயோ, அதில திருவிழாக் கூட்டம்! தட்டோட வரிசையில நிக்கணும். சாப்பாட்டில உப்பு கூடுதல்னு போனவங்க எல்லாம் திட்டி எழுதியிருக்காங்க. நடுவில உள்ளதையாவது எடுங்க. டீசன்டான ஆளுங்க வருவாங்க."

"அது மதின்னு சொன்னேன்லா? ஒரு டிக்கெட்."

ஷிஜி நிமிர்ந்து பார்த்தாள். "தேனிலவுக்கு ஒத்தைக்கா போறீங்க?"

ரெம்யாவுக்கு முகம் சிவந்தது.

"கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே அவரு கப்பலேறிட்டாரு. இன்னும் லீவு கிடைக்கல. அந்த உப்பைப் போடுறதே அவருதான்."