இடது பக்கத்து ஸ்பீக்கர்

இடது பக்கம் இன்னும் பாட்டு வரவில்லை என்றான்.

கடைக்காரர் ஜெரால்டு காருக்குள் தலையை விட்டுக் கேட்டார். வந்துகொண்டுதான் இருந்தது.

அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். வேறு யாரோ ஒன்பது வருடம் ஓட்டித் தீர்த்த கார். இவனுக்கு முதல் கார். வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. கூடவே வந்த ஸ்பீக்கர்கள் கிழிந்து கரகரத்தன. கையில் இருந்த பணத்துக்கு முன் கதவு இரண்டுக்கும் ஒவ்வொன்றுதான் முடிந்தது. அதுவும் இன்னொரு வண்டியில் இருந்து கழற்றியது. ஜெரால்டு முகம் சுளிக்காமல் மாட்டிக் கொடுத்தார்.

அதனால்தான் சந்தேகம். அடித்துப் பேரம் பேசியவன் தலையில் ஓட்டை ஸ்பீக்கரைக் கட்டிவிட்டாரோ.

கடையில் எந்த வண்டிக்கும் ஒரே பாட்டைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். இடது பக்கம் புல்லாங்குழல். வலது பக்கம் தவில்.

அவனுக்குத் தவில் கேட்டது. புல்லாங்குழல் எங்கோ அடுத்த தெருவில் இருந்தது.

ஜெரால்டு இடது பக்கத்துக்கு வேறு ஒயர் போட்டுப் பார்த்தார்.

தவில்.

இடது ஸ்பீக்கரைக் கழற்றி வலது கதவில் மாட்டினார். வலதை இடதில் மாட்டினார். தொழிலில் கடைசிச் சோதனை அது. ஸ்பீக்கர் கெட்டிருந்தால் கோளாறும் கூடவே இடம் மாறிவிடும்.

மாறவில்லை.

ஜெரால்டு தலையைச் சொறிந்தார். தனக்கு நன்றாகவே கேட்கிறது என்பதுதான் அவருக்கு விளங்கவே இல்லை.

அவனுக்கு எரிச்சலைவிடப் பயம் அதிகமாக இருந்தது. காரில் பாட்டு ஓடும் என்பதைத்தான் மலைபோல நம்பியிருந்தான்.

மனைவி வளர்மதி அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பன்னிரண்டு வருடம் பைக்கில் போனவர்கள். அவள் பின்னால் உட்கார்ந்து, அவனுடைய வலது தோளுக்கு மேல் முகத்தை நீட்டி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். காவிரிப் பாலம் ஏறும்போது ஆரம்பித்த கதை சமயபுரம் வந்தாலும் முடியாது. கார் வந்தது. இடது சீட்டில் உட்கார்ந்தாள். அத்தோடு சரி.

அவனும் திரும்பிப் பார்க்கவில்லை. புதுக் கை. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கப் பயம்.

வீட்டிலும் பேச்சு குறைந்துபோனது. ஒருநாள் சோறு போடும்போது மட்டும் சொன்னாள், கார் வந்ததில் இருந்து நீங்கள் ஆளே மாறிவிட்டீர்கள் என்று. இது என்ன கூத்து என்று நினைத்தான். மாறியது இவள்.

காரே வேண்டாம் என்றிருந்தாளோ. தன்னைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்ததில் கோபமோ. கேட்க நா எழவில்லை. ஒரு பாட்டாவது ஓடினால் அந்த மௌனத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்ட வேண்டியிருக்காது. அவளுக்குப் பிடித்த பாட்டாகப் போட்டால் ஒருவேளை கூடவே முணுமுணுப்பாள்.

ஜெரால்டு இடது கதவில் இருந்து ஸ்பீக்கரைப் பிடுங்கினார். ஒயர் தொங்க அப்படியே கையில் ஏந்தி, சீட்டில் முழங்காலை ஊன்றி, அவனுடைய இடது காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார்.

அடுத்த தெரு.

இவ்வளவு கிட்டத்தில் பிடித்தும் வராத ஸ்பீக்கரை விற்றிருக்கிறாரே என்று கோபம் வந்தது. ஏதோ சொல்லிவிடுவது என்று ஜெரால்டின் பக்கம் முழுசாகத் திரும்பினான்.

புல்லாங்குழல் பளிச்சென்று வந்தது.

முகத்தை முன்பக்கம் திருப்பினான். போனது.

திரும்பினான். வந்தது.

ஜெரால்டு கையை அசைக்கவே இல்லை.

அவன் மறுபடியும் திரும்பினான். மறுபடியும். காது அடைத்திருக்கிறதோ என்று எச்சிலை விழுங்கிப் பார்த்தான். இடது காதைச் சுண்டுவிரலால் குடைந்துவிட்டுக் கேட்டான். அவன் வேலை பார்க்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இடது பக்கத்து ஆள் நாளெல்லாம் இரும்பைக் கிரைண்டரில் தேய்ப்பது ஏனோ ஞாபகம் வந்தது. போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பதும்.

ஜெரால்டு பாட்டை நிறுத்தினார். ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டி, ஒவ்வொரு திருகாக முடுக்கினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

வீடு வரும்வரை அவன் பாட்டுப் போடவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டு வளர்மதி வெளியே வந்தாள். பாட்டு நன்றாக வருகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. கறிவேப்பிலையை உருவியபடி வாசல் கேட் அருகே நின்றாள்.

அவன் இறங்கினான். அவளைச் சுற்றிக்கொண்டு போய், அவள் தன் வலது பக்கம் வருகிற மாதிரி நின்றான். இப்படியும் அப்படியும் நகர்ந்து சரிபார்த்துக்கொண்டான். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"கார்ல போறப்ப எங்கிட்ட ஏதாவது சொன்னியா?"

அவள் கை நின்றது.

அவன் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறானா என்று தேடினாள் போலிருக்கிறது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்கன்னு சொன்னேன். மூணு தடவை" என்றாள். "நீங்க ரோட்டையே பாத்துட்டு இருந்தீங்க. அப்புறம் நானே போயிட்டு வந்துட்டேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஒரு சொல் விடாமல் கேட்டது.