தட்டாமல் கொட்டுவதில்லை

கொலராடோவில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை தொடங்கிவிட்டால், சரக்கு ரயிலின் கூரையில்லாத காலிப் பெட்டிகள் ஆலையிலிருந்து திரும்பி வந்தபடியே இருக்கும். வேலை தேடி ஊர் ஊராய்ப் போகிறவர்கள் குளிர்காற்றுக்குப் பயந்து அவற்றுக்குள் முடங்கிக்கொள்வார்கள். அதனால் பெட்டியைக் கட்டையால் தட்டாமல் யாரும் ஏற்று மேடையிலிருந்து கிழங்கைக் கொட்டுவதில்லை.

அன்று காலை மேடையில் வேலை செய்யும் பவுலினா தட்டினாள். உள்ளிருந்து பதிலுக்குத் தட்டும் சத்தம் வந்தது.

ஏறிப் பார்த்தாள். காய்ந்த மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. இறங்கி மறுபடி தட்டினாள். மறுபடியும் பதில் வந்தது.

"கோன்ராட் அண்ணே, இதுல கொட்ட வேணாம்."

மேடைப் பொறுப்பாளர் கோன்ராடும் ஏறிப் பார்த்தார்.

"காலிப் பெட்டிக்கா பயப்படுறே? குதிரை வண்டிங்க வரிசையா நிக்குது. உறைபனி விழுந்தா கிழங்கு பூரா நாசம். யாரு பதில் சொல்றது, நீயா?"

"உள்ள தட்டுதுண்ணே."

"வெயில் பட்டு மரம் விரியுது. கொட்டும்மா."

மேடைமேல் ஏறி நின்ற குதிரை வண்டி பெட்டிப் பக்கம் சாய்ந்தது. கிழங்குகள் தடதடவென்று உருண்டு விழுந்தன. பெட்டி நிரம்பும்வரை உள்ளே தட்டிக்கொண்டே இருந்தது. கோன்ராடுக்கும் கேட்டது. பிறகு நின்றது.

ஆலையில் இறக்கியவர்கள் கிழங்கைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அதே பெட்டி காலியாகத் திரும்பியது. பவுலினா தட்டினாள். பதில் இல்லை. கோன்ராட் கட்டையை வாங்கித் தானே தட்டினார். பலகையில் காதை வைத்து வெகுநேரம் காத்திருந்தார். வரிசையில் நின்ற யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் அவர் தொப்பியைக் கழற்றினார்.