எட்டுத் தோல்கள்
ஆம்பூர் ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில், விரித்த எட்டுத் தோல்களின்மேல் காலை வெயில் பளபளக்கிறது. எந்தத் துண்டை எங்கே வெட்டலாம் என்று வரைந்து காட்டும் நிரலை ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் புதிதாக எழுதிவிட்டு, பிரிசில்லா கணினிமுன் உட்கார்ந்திருக்கிறாள். பழைய நிரல் ஒவ்வொரு தோலாகத்தான் பார்க்கும். எல்லாம் முடியும்வரை வெட்டுபவர்கள் சும்மா நிற்பார்கள். தழும்புள்ள இடம் ஒரு தரவு வகை, நல்ல இடம் வேறொரு வகை என்று அவள் பிரித்துவைத்ததால், இரண்டையும் குழப்பிய வரிகளை, நிரலைச் சரிபார்த்து இயக்கத்துக்கு மாற்றும் கம்பைலர் இரண்டு நாளாக ஏற்க மறுத்தது. அவள் எல்லாவற்றையும் திருத்தியபின் இன்றுதான் இறங்கிவந்திருக்கிறது.

“இன்னா பிரிசி, ஓடுமா? இல்ல, நாங்களே கையால குறிச்சுக்கட்டா?” என்கிறாள் பதினெட்டு வருடமாகத் தோல் வெட்டும் விஜயகுமாரி. “ஓட்டிப் பாத்துடலாம்க்கா” என்று பிரிசில்லா பொத்தானை அழுத்துகிறாள். கணினியின் விசிறி இரைகிறது. திரையில் எட்டுத் தோல்களின் படங்களும் ஒரே நேரத்தில் வெட்டுக்கோடுகளால் நிரம்புகின்றன. கணினிக்குள் தனித்தனியே கணக்கிடும் எட்டு கோர்களும் ஆளுக்கொரு தோலை எடுத்துக்கொண்டு, ஒன்றின் வேலையில் இன்னொன்று கைவைக்காமல் வரைகின்றன. தழும்பின்மேல் ஒரு கோடுகூட விழவில்லை. விஜயகுமாரி கத்தியை வைத்துவிட்டுத் திரையருகே குனிகிறாள். “எட்டு பேரு ஒண்ணா வேலை செஞ்சா எட்டு சண்டை வரும்மா. இங்க ஒருத்தருகூட மோதிக்கலியே!” தன் கையால் எழுதியதை முதன்முறையாகப் பார்ப்பவள்போல பிரிசில்லாவும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.